மாரப்பன் முன்மொழிந்தது

நாளை நடக்கப்போகும் கூட்டத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதை இன்றைக்கே எழுதி முடிப்பதில் நான் கெட்டிக்காரன். வெட்கப்பட வேண்டிய இந்தத் திறமையை முப்பது வருஷத்துக்கு மேல் வெளியே சொன்னதில்லை. ஒருமுறை, 'தலைவர் நன்றி கூற, பலத்த கரவொலிக்கிடையே கூட்டம் இனிது முடிவுற்றது' என்று எழுதி, ஒற்றுத்தாள் வைத்து அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் தலைவருக்குப் பல்வலி. கூட்டமே நடக்கவில்லை. கரவொலியைப் பிளேடால் சுரண்டி எடுக்க அரைநாள் பிடித்தது.

அது சின்னக் கூத்து. ஒரு மனிதர் தன் தெருவுக்கு இருக்கும் ஒரே கிணற்றைத் தூர்த்துவிடும்படி தாமே முன்வந்து கேட்டுக்கொண்டதாக நான் எழுதியது பெரிய கூத்து.

இப்போது அதைச் சொல்லக் காரணம் ஒரு டேப் ரிக்கார்டர். போன மாதம் ஓய்வூதியக் காகிதம் ஒன்றுக்காகப் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். கூட்டத்தில் பேசுவதைப் பிடித்து வைக்க அந்தப் பெட்டியை வாங்கியிருந்தார்கள். என் நாற்காலியில் இப்போது இருக்கும் பெண், "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி சார் மினிட்ஸ் எழுதினீங்க?" என்று கேட்டாள். "நிம்மதியாக எழுதினோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, இருபுறமும் கம்பெனிச் சுவர்கள் ஓடிக்கொண்டிருக்க, பாதிப் பொய் சொல்லிவிட்டு வந்தது போல உறுத்தியது.

ஐம்பதுகளில் அந்தச் சுவர்கள் கிடையாது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் வழியில், ராகிக் கொல்லைகளுக்கு நடுவே எங்கள் ஊர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்டவர்களின் பேரன்மார் இன்றும் தேர்தலில் நிற்கிறார்கள். அங்கே பஞ்சாயத்து போர்டில் நான் குமாஸ்தா. இன்டர் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவன், கதைப் புத்தகம் நிறையப் படித்தவன் என்ற இரண்டு தகுதிகளோடு வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வருஷத்தில் கோப்புக்கு நாடா கட்டவும், பிறப்பு இறப்புப் பதிவில் இறந்தவரைப் பிறந்தவர் பக்கத்தில் எழுதாமல் இருக்கவும் கற்றுக்கொண்டேன். மீதியெல்லாம் இ.ஓ. கற்றுக்கொடுத்தார்.

இ.ஓ. என்றால் நிர்வாக அதிகாரி. சுந்தரேசன் என்று பெயர். ஒல்லியான மனிதர். கோட்டு ஒன்றுதான், அது வெயில் காலத்திலும் கழன்றதில்லை. அவர் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனா மூடியைத் திருகிக் கழற்றுவார், திருகி மூடுவார். மூன்று திருகு என்றால் கோப்பைத் திரும்ப எழுத வேண்டும். ஐந்து என்றால் லீவு கேட்கக்கூடாது. கழற்றிய மூடியை மேசைமேல் வைத்துவிட்டால் யாருக்கோ மெமோ. ஒரு கட்டத்தில் அவர் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். விரலைப் பார்த்தால் போதும்.

கூட்டத்துக்கு முன்னதாகவே நடவடிக்கையை எழுதுவது அவர் ஏற்படுத்திய வழக்கம். அதற்கு நியாயமான காரணம் உண்டு. மாதக் கூட்டம் நாலு மணிக்கு. தீர்மானங்களின் நகல் அன்றே மேலிடம் போய்ச் சேர வேண்டும். ஓசூர் போகும் தபால் பஸ் ஐந்தேகாலுக்கு. உறுப்பினர்களோ போண்டா வந்து காப்பி குடித்து முடிக்கவே ஐந்து மணி ஆக்குவார்கள். ஆகவே முதல் நாளே தீர்மானப் புத்தகத்தில் எல்லாம் எழுதி, நகலும் எடுத்து, உறையில் ஸ்டாம்பு ஒட்டித் தயாராக வைத்துவிடுவோம். கூட்டத்தில் தலைவர் எண்ணை மட்டும் சொல்வார்.

"ஒண்ணு?"

"ஆச்சுங்க."

"ரெண்டு?"

"ஆச்சுங்க."

கையெழுத்து ஆகும். பியூன் மாதையன் உறையோடு பஸ்ஸுக்கு ஓடுவான்.

தீர்மானம் என்றால் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும். பேசாத கூட்டத்தில் இதை யார் தலையில் கட்டுவது? முன்பு ஒரு உறுப்பினர், புத்தகத்தில் தன் பெயரே வருவதில்லை என்று மேலே மனுப் போட்டுவிட்டாராம். அதற்கு இ.ஓ. கண்ட மருந்துதான் முறைப் பட்டியல். ஒரு அட்டையில் ஒன்பது உறுப்பினர்களின் பெயர். முன்மொழிபவர் மேலிருந்து கீழே ஒவ்வொருவராக இறங்குவார். வழிமொழிபவர் கீழிருந்து மேலே ஏறுவார். எந்தத் தீர்மானம் யார் பெயரில் விழும் என்பது விதி வசம். அட்டை என் மேசை இழுப்பறையில் இருந்தது. வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேரும் சமமாகத் தேசசேவை செய்திருப்பார்கள்.

உறுப்பினர்கள் ஒன்பது பேர், நாற்காலிகள் எட்டு. ஒன்பதாமவர் மாரப்பன். சந்தைத் தோப்புக்குப் பின்னால் இருந்த காலனிக்காரர். பண்ணை வேலை செய்பவர். தனித் தொகுதியில் ஜெயித்து வந்தவர். வாசலை ஒட்டி, மனு கொண்டுவருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் அவர் உட்காருவார். அங்கே உட்காரச் சொல்லி யாரும் சொன்னதில்லை. உள்ளே வரச் சொல்லியும் யாரும் சொன்னதில்லை. தீர்மானப் புத்தகத்தில் அவர் 'ஸ்ரீ மாரப்பன்'. நேரில் மாதையன் முதல் தலைவர் வரை எல்லோருக்கும் 'ஏ மாரப்பா'. என் அப்பா வயது அவருக்கு. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சங்கடம் வேண்டாம்.

அந்த மாதம் ஏழாவது தீர்மானம் இது: 'தளி ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு வியாபாரத்துக்குச் சந்தையில் கொட்டகை போட இடம் தேவைப்படுவதால், சந்தைத் தோப்புக் கிணற்றைத் தூர்த்துவிடலாம் என்றும், காலனிக்கு வேறு கிணறு வெட்டுவது பின்னர் பரிசீலிக்கப்படும் என்றும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' காலனிக்கு வேறு கிணறு கிடையாது. கோயில் தெருக் கிணற்றில் அவர்கள் வாளி விட முடியாது. விடலாம் என்று சட்டம் சொன்னது. சட்டம் கோயில் தெருவில் குடியிருக்கவில்லை. அதை விட்டால் ஏரி. சித்திரையில் ஏரித் தண்ணீரைக் குடிக்க மாடுகூட மண்டி போட வேண்டும்.

பட்டியல்படி ஏழாவதுக்கு முன்மொழிபவர் ஸ்ரீ மாரப்பன். வழிமொழிபவர் எண்ணெய்ச் செக்கு முதலாளி ரங்கசாமி. எழுதினேன். ஒற்றுத்தாள் வைத்தேன். அடுத்த தீர்மானத்துக்குப் போனேன். எழுதும்போது அந்தப் பெயர் எனக்கு உறைத்ததா, உறைத்தும் பேனா நிற்கவில்லையா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. கூட்டத்தில் தலைவர் "ஏழு?" என்றார். "ஆச்சுங்க" என்றார்கள். மாரப்பன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அது ஏழுதான்.

மேலிடத்து அனுமதி வர நாலு வாரம் ஆயிற்று. வந்தது ஒரு சனிக்கிழமை. அன்றே தீர்மான நகலைக் கிணற்றுச் சுவரில் மாதையன் ஒட்டினான். புதன்கிழமை அடுத்த மாதக் கூட்டம். வியாழன் காலை மண் வண்டிகள் வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை மத்தியானம், இ.ஓ. சாப்பிடப் போயிருந்த நேரம், மாரப்பன் வந்தார். வழக்கமான பெஞ்சில் உட்காரவில்லை. நேரே என் மேசைக்கு வந்து நின்றார்.

"சாமி, அந்தப் பொஸ்தகத்த எடுங்க."

"எந்தப் புஸ்தகம்?"

"நான் பேசினது எழுதியிருக்குதாமே, அது."

மைக்கூட்டை நகர்த்தி வைத்தேன். புத்தகத்தைத் திறந்து ஏழாவதை வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"சுவத்துல இத பீடிக்கட சுந்தரி வாசிச்சா. எம்பேரு வந்ததும் நிறுத்திட்டு என் மூஞ்சியப் பாத்தா. தெருவே பாத்துது. நேத்து ராத்திரி எம் பொஞ்சாதி சோறு போட்டா. தண்ணி வெக்கல. தண்ணி எங்கடின்னு கேட்டேன். 'தூத்துட்டு வந்து கேளு'ன்னா." புத்தகத்தின் பக்கம் விரலை நீட்டினார். "நான் எப்ப சாமி சொன்னேன்?"

புத்தகத்தை மூடினேன். பிறகு முறைப் பட்டியலைப் பற்றிச் சொன்னேன். இழுப்பறையைத் திறந்து அட்டையையும் காட்டினேன். வேலை போகக்கூடிய காரியம். ஆனால் அந்த நேரத்தில் அட்டையைக் காட்டுவது பொய் சொல்வதைவிட எளிதாக இருந்தது. அவர் அட்டையைத் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

"அப்ப, நான் கெணத்தத் தூத்துடச் சொன்னதும், செக்குக்காரரு ஆமான்னதும், ரெண்டும் உங்க எழுத்து."

"ஆமாங்க." வாயில் அந்த 'ங்க' எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"புதங்கெழம கூட்டத்துல மொதல்ல என்ன?"

"போன கூட்டத்து நடவடிக்கையை உறுதி செய்யறது. இதெல்லாம் சரிதானான்னு தலைவர் கேட்பார்."

"சரியில்லன்னு ஆராச்சும் சொல்லியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்லை."

"சொன்னா?"

"எழுதினவனைக் கேட்பாங்க."

"கேட்டா நீங்க என்னா சொல்லுவீங்க?"

மைக்கூட்டைத் திரும்பவும் நகர்த்தினேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இ.ஓ. திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பேனா மூடியைத் திருகினார். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டே நின்றேன். ஏழில் நிறுத்தினார்.

"பட்டியல்படிதானே எழுதினே?"

"ஆமாம் சார்."

"அப்போ தப்பு இல்லை."

"அது அவர் தெருக் கிணறு சார்."

"பட்டியலுக்குத் தெரு தெரியாது தம்பி." மூடியைக் கழற்றினார். மேசைமேல் வைக்காமல் விரலுக்கிடையிலேயே பிடித்துக்கொண்டார். "கூட்டத்துல கேட்டா 'ஞாபகம் இல்லை'ன்னு சொல்லு. பொய் சொன்னா சஸ்பெண்ட் பண்ணலாம். நிஜம் சொன்னா ரெண்டு பேரையும் பண்ணலாம். ஞாபகம் இல்லாததுக்கு எந்த விதியிலும் தண்டனை கிடையாது."

எனக்குப் பிடித்த வாசகமாக இருந்தது. இரண்டு நாள் அதைச் சொல்லிப் பழகினேன்.

புதன்கிழமை ஆபீசுக்கு வரும்போது கொல்லன் பட்டறை வாசலில் மூன்று பாரவண்டிகள் சக்கரமில்லாமல் மூக்கைத் தரையில் ஊன்றிக் கிடந்தன. பட்டறைக்காரருக்கு நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். அன்று என் கவனம் முழுவதும் மூன்று சொற்களில் இருந்தது: எனக்கு, ஞாபகம், இல்லை.

மூன்றரை மணிக்கே அவர்கள் வந்துவிட்டார்கள். காலனிப் பெண்கள், முப்பது பேர் இருக்கும். ஆபீஸ் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்தார்கள். கூச்சல் இல்லை, கோஷம் இல்லை. ஆளுக்கொரு குடம், வெறுங்குடம், பக்கத்தில். என் மேசையிலிருந்து பார்த்தால் ஜன்னல் நிறையக் குடத்து வாய்கள். "இதுக்கு என்ன செக்ஷன் சார்?" என்று மாதையன் கேட்டான். "குடம் வைத்திருப்பது குற்றம் இல்லை" என்றார் இ.ஓ. ஜன்னலைச் சாத்தச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

நாலு மணிக்குத் தலைவர் வந்தார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார், மாட்டிடம் கன்னடம் பேசுவார், எங்களிடம் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் எந்த மொழியும் பேசமாட்டார், அதுதான் பயம். ஜன்னலைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

"ஆகட்டும். போன கூட்டத்து நடவடிக்க. உறுதி பண்ணிக்கலாமா?"

"ஆச்சுங்க" என்று நாலைந்து குரல்கள் எழும்பின. போண்டாத் தட்டு உள்ளே வந்தது.

"இல்லீங்க" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

மாரப்பன் எழுந்து நின்றிருந்தார். ரங்கசாமி போண்டாவைக் கடித்தபடி திரும்பினார்.

"என்னா மாரப்பா?" என்றார் தலைவர்.

"ஏழாவது தீர்மானங்க. அத முன்மொழிஞ்சது நான். பொஸ்தகத்துல அப்பிடித்தான இருக்குது?"

தலைவர் இ.ஓ.வைப் பார்த்தார். இ.ஓ. என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். "ஆமாங்க" என்றேன்.

இனி 'நான் சொல்லவே இல்லை' என்பார், என்னைக் கேட்பார்கள், 'ஞாபகம் இல்லை' என்று சொல்லவேண்டும். நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நான் சொன்னதுல பாதிதானுங்க எழுதியிருக்குது" என்றார் மாரப்பன்.

எனக்கு மட்டுமில்லை, யாருக்கும் புரியவில்லை.

"எங்க தெருப் பக்கமா புதுக் கெணறு வெட்டணும். அதுல தண்ணி ஊறி, எங்க சனம் ஒரு கோடக்காலம் முழுக்க எறைச்சுக் குடிக்கணும். அதுக்குப் பொறவு பழைய கெணத்தத் தூத்துக்கலாம். இப்பிடித்தானுங்க நான் சொன்னது. மின்னாடி சொன்னது விட்டுப்போச்சு. பின்னாடி சொன்னது மட்டும் ஏறியிருக்குது."

தலைவர் முன்னால் சாய்ந்தார். "நீ எப்பய்யா இதச் சொன்ன?"

"கெணத்தத் தூத்துடணும்னு எப்பச் சொன்னேனோ, அப்பத்தானுங்க."

யாரும் மெல்லவில்லை. தட்டு நகரவில்லை. மாரப்பன் இதைச் சொல்லவில்லை என்றால் அதையும் சொல்லவில்லை. அதைச் சொல்லவில்லை என்றால் ஏழாவது தீர்மானம் எங்கிருந்து வந்தது? ஏழு எங்கிருந்து வந்தது என்று ஆரம்பித்தால் ஆறு, ஐந்து, போன வருஷம், அதற்கு முந்திய வருஷம் எல்லாமே அதே இடத்திலிருந்துதான் வந்தவை. தலைவர் கையெழுத்து எல்லாவற்றின் கீழும் இருந்தது.

தலைவர் எந்த மொழியும் பேசவில்லை. கடைசியில் ரங்கசாமியிடம் திரும்பினார். "வழிமொழிஞ்சது நீங்கதான. கேட்டீங்களா?"

ரங்கசாமி வாயில் முழு போண்டா. விழுங்கவும் முடியாமல், கேட்காமலே வழிமொழிந்தேன் என்று சொல்லவும் முடியாமல், "ஏதோ... சொன்னாப்புல... இருந்துது" என்றார்.

"கிளார்க்கு!"

எழுந்து நின்றேன்.

"இவரு சொன்னாரா?"

முதல் முறையாக அந்த அறையில் மாரப்பனை யாரோ 'இவரு' என்றது காதில் விழுந்தது. இ.ஓ.வின் விரல்களைப் பார்த்தேன். மூடி கழன்று மேசைமேல் இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள், குடங்கள் இடுப்பில். மாரப்பன் மட்டும் என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் பழகிய மூன்று சொற்களைத் தேடினேன். நிஜமாகவே ஞாபகம் வரவில்லை.

"சொன்னாருங்க" என்றேன். "நான்தான் விட்டுட்டேன்."

அந்த மன்றத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் பொய் அது. எழுதியவற்றைச் சேர்க்கவில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். "அப்ப எழுது. முழுசா எழுது. அவரு சொல்லச் சொல்ல எழுது."

எழுதினேன். ஒரு மனிதர் பேச, அவர் பேசுவதைக் கேட்டு, அங்கேயே எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. கை வேர்த்து மை இழுகியது. மாரப்பன் நிதானமாகச் சொன்னார். 'ஒரு கோடக்காலம் முழுக்க' என்ற இடத்தில் நிறுத்தி, "எழுதிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு மேலே போனார். தபால் பஸ் நேரத்துக்கு வந்து, ஆரன் அடித்து, மேலும் அடித்து, உறையில்லாமலே போய்விட்டது. வியாழன் காலை மண் வரவில்லை. தீர்மானம் மாறியதால் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாசியில் புதுக் கிணறு தண்ணீர் கண்டது. கவனக்குறைவுக்காக எனக்கு ஒரு மெமோ, இ.ஓ.வே எழுதிக் கொடுத்தார், அழகான கையெழுத்தில். முறைப் பட்டியல் அட்டை மறுநாள் இழுப்பறையில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. மாரப்பன் மேலும் நாலு கூட்டம் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்தார். ஐந்தாவது கூட்டத்தில் ஒன்பது நாற்காலி இருந்தது. அதற்குத் தீர்மானம் எதுவும் போடவில்லை. நான் எழுதாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

வெகு காலம் கழித்து, நான் ஓய்வு பெற்ற நாளில், டீயும் மிக்சரும் கொடுத்து மாலை போட்டார்கள். மாரப்பனும் அவர் மனைவி நஞ்சம்மாவும் வந்திருந்தார்கள். அவருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. பேசச் சொன்னார்கள். பேச்சுவாக்கில், பெயர் எதுவும் சொல்லாமல், ஒரு காலத்தில் ஒரு குமாஸ்தா வேலையைப் பணயம் வைத்து ஒரு தெருவின் தண்ணீரைக் காப்பாற்றியதாகக் கொஞ்சம் அடக்கத்தோடு கோடி காட்டினேன். கைதட்டினார்கள். இது நிஜமான கரவொலி. நான் எழுதியது அல்ல.

விடைபெறும்போது நஞ்சம்மா என் பக்கத்தில் வந்தார்.

"நல்லாத்தான் பேசினீங்க சாமி. ஆனா மண்ணு அடிக்க ஊர்ல இருந்தது மூணே வண்டி. மூணும் எங்கண்ணனோடது. கூட்டத்தன்னிக்குக் காத்தாலயே சக்கரத்தக் கழட்டிப் பட்டறையில போடச் சொல்லிட்டேன். கூட்டத்துல நீங்க எப்பிடிச் சொல்லியிருந்தாலும் ஒரு கூட மண்ணு வந்திருக்காது."

"அவருக்குத் தெரியுமா?" என்று மாரப்பனைக் காட்டிக் கேட்டேன்.

"அவருகிட்ட எதுக்குச் சொல்லணும், அப்ப அவரு மேல எனக்குக் கோவம் இருந்துச்சில்ல?" முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "மனசுல வெச்சுக்காதீங்க சாமி. உங்க பொஸ்தகத்த நம்பியா நாங்க தண்ணி குடிச்சோம்?"